குளியலறைக் கதவு யார் பொறுப்பு?

ஜூன் 4

மதிப்பிற்குரிய டாக்டர் சாருக்கு,

நேற்று போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசியதால் நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை, நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் "இனிமே எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க!" என்று நீங்கள் கத்தியது மட்டும் தெளிவாகக் கேட்டது. கூடவே மாடு ஒன்று மிரண்டு கத்தியதும் கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இது மூன்றாவது வருடம். இதுவரை எதற்கும் உங்களைத் தொந்தரவு செய்ததில்லை. இப்போது மூன்று தொந்தரவுகள் சேர்ந்து வந்துவிட்டன.

குளியலறைக் கதவு ஊதிப்போய் நிலையில் உட்கார மறுக்கிறது. என்ன தள்ளினாலும் ஒரு சாண் திறந்தபடியே நிற்கிறது. உள்ளே ஆள் இருப்பதைத் தெரிவிக்க வீட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். என் மாமியார் பாடுகிறார். என் கணவர் விசிலடிக்கிறார். நூலகத்தில் நாள் முழுக்க வாயை மூடியிருப்பவருக்கு இது ஒரு வகையில் வசதிதான், ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே மெட்டு. மகள் பாடத்தை ஒப்பிக்கிறாள். எனக்குப் பாட்டும் வராது, விசிலும் வராது. ஆகையால் "கிளட்ச்ச மிதி, கியர மாத்து, கண்ணாடியப் பாரு" என்று வகுப்பு எடுத்துக்கொண்டே குளிக்கிறேன். ஓட்டுநர் பள்ளியில் பகலெல்லாம் சொல்வது போதாதென்று வீட்டிலும் சொல்கிறேன். போன வாரம் என் நாத்தனார் வந்திருந்தார். அவருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

அடுத்தது பின்பக்க அறை. கூரையில் ஈரம் பரவுகிறது. முதலில் தட்டு அளவு இருந்தது, இப்போது பாய் அளவு. நேற்று மகளின் புத்தகத்தின் மேல் காரை பெயர்ந்து விழுந்தது. மூன்றாவது, சமையலறைக் குழாய் சொட்டுகிறது.

எப்போது ஆள் அனுப்புகிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் குடித்தனக்காரர்


ஜூன் 13

அன்புள்ள அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. அன்று கத்தியது மாடல்ல, எருமை. மிரண்டும் கத்தவில்லை. நான் ஊசி போட்டதற்காகக் கத்தியது. ஊசி போடும் நேரத்தில் போன் செய்தது தாங்கள். கால்நடை மருத்துவமனை என்பது வீட்டுக்காரர்களின் அலுவலகம் அல்ல என்பதை இத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களோடு பேசி முடித்த பிறகு எனக்கு மூச்சு வாங்குவதால், இனி எழுத்தில்தான் பேச வேண்டும் என்று என் மனைவியும் சொல்லிவிட்டாள்.

நான் நியாயஸ்தன். என் நியாயம் எளிமையானது. குடியிருப்பவர் உபயோகித்து எது தேய்கிறதோ அது குடியிருப்பவரைச் சேர்ந்தது. கட்டடம் தானாகக் கெட்டால் அது என்னைச் சேர்ந்தது. இந்த நியாயப்படி, குழாயைத் திறந்து மூடுவது தாங்கள், எனவே குழாய் தங்களுடையது. கதவும் அப்படியே. தாங்கள் குடிவந்த அன்று அது மூடியது. நானே மூடிக் காட்டினேன். அதன் மேல் மூன்று வருடமாகத் தண்ணீரை அடித்தது யார்? நான் இங்கே இருநூறு மைல் தள்ளி உத்தியோக மாற்றலில் இருக்கிறேன். என் கை அவ்வளவு நீளமில்லை.

கூரையைப் பற்றி: அந்த அறையில் நான் பன்னிரண்டு வருடம் படுத்திருந்தவன். ஒரு சொட்டு விழுந்ததில்லை. இப்போது விழுகிறதென்றால் மேலே ஏதோ நடக்கிறது. தங்கள் மாமியார் மொட்டை மாடியில் தக்காளித் தொட்டிகள் வைத்து இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுவதாக எதிர்வீட்டுத் தையற்கடைக்காரர் எனக்குச் சொன்னார். தொட்டிகளை எடுக்கவும். ஈரம் காய்ந்துவிடும்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்


ஜூன் 21

டாக்டர் சாருக்கு,

தொட்டிகளை எடுத்துவிட்டேன். பதினோரு செடி, பாதி காயும் பாதி பூவுமாக. கீழே நிழலில் வைத்ததும் இலை சுருண்டுவிட்டது. மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்கிறார். "சிலபேருக்கு மாமியாரவிட வீட்டுக்காரர்தான் பெருசு" என்று இன்று காலை சுவரிடம் சொன்னார். உங்கள் சுவர் பாவம், ஈரத்தையும் தாங்கி இதையும் தாங்குகிறது.

ஈரம் காயவில்லை. மழையும் இல்லை, செடியும் இல்லை, இருந்தும் பரவுகிறது.

குழாய் விஷயத்தில் உங்கள் நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் வாஷர் ஒரு ரப்பர் வில்லைதான். என் கணவர் அதை மாற்றிவிட்டார். மாற்றும்போது மூக்குக்கண்ணாடியைத் தவற விட்டதும், அதை எடுக்கப் போய் மண்டையை இடித்துக்கொண்டதும் எங்கள் குடும்பச் செலவு.

ஆனால் கதவு? குளியலறைக் கதவு நனையக்கூடாது என்றால் அதை நீங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக அல்ல. செப்டம்பரில் நம் ஒப்பந்தம் முடிகிறது. என் கணவரோடு வேலை பார்ப்பவர் ஒரு வீடு காலியாவதாகச் சொன்னார். போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். இந்த வீட்டில் காலை வெயில் நேராகச் சமையலறைக்குள் வரும். அதை விட்டுப் போக எனக்கு மனசில்லை. ஆனால் மகளின் தலையில் காரை விழும்வரை காத்திருக்கவும் மனசில்லை.

உங்கள் குடித்தனக்காரர்


ஜூலை 5

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை என் மனைவி பக்கத்தில் நின்று எழுத வைக்கிறாள். நான் எழுத மறுத்தேன். "நீங்க எழுதலன்னா நான் போன் பண்ணிச் சொல்லிடுவேன்" என்றாள். அதைவிட இது மேல்.

நாங்கள் இங்கே ஒரு பேக்கரியின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பேக்கரிக்காரர்தான் வீட்டுக்காரர். போன வாரம் அடித்த காற்றில் படுக்கையறை ஜன்னல் கதவு கீலோடு கழன்று என் மனைவியின் கையில் வந்துவிட்டது. அன்றே மழை. மெத்தை நனைந்து, நாங்கள் இருவரும் சமையலறையில் படுத்திருக்கிறோம். நான் கீழே இறங்கிப் போய்ச் சொன்னேன். அவர் மாவு பிசைவதை நிறுத்தாமலே சொன்னார்:

"சார், அந்த ஜன்னல தினமும் திறந்து மூடுறது யாரு?"

"நாங்கதான்."

"அப்போ தேஞ்சது உங்களாலதானே? கட்டடம் தானா இடிஞ்சா சொல்லுங்க, நான் ஓடி வர்றேன்."

இதை நான் மாடிக்கு வந்து என் மனைவியிடம் சொன்னதும் அவள் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து சிரித்தாள். தங்களுக்கு எழுதும் கடிதங்களை நான் அவளிடம் படித்துக் காட்டித்தான் அனுப்புவேன். "உங்க கடுதாசிய அவர் எங்க படிச்சாரு?" என்று கேட்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வீட்டுக்காரன் பக்கத்து நியாயம் மட்டும்தான் பழக்கம். மறுபக்கத்திலிருந்து எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. தங்களுக்கு அது நன்றாக வருகிறது. பேக்கரிக்காரருக்கு ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா?

மெத்தை இன்னும் காயவில்லை.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர் (அங்கே)


ஜூலை 10

அன்புள்ள டாக்டர் சாருக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்தேன். மாமியார் சுவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "மறுபடியும் படி" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அதற்காகவே உங்களுக்கு எழுதித் தருகிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. கீல் திடீரென்று கழலாது. அதற்கு முன் பல நாள் கிறீச்சிட்டிருக்கும். கிறீச்சிட்டபோது அவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அது உங்கள் பக்கத் தவறு. அவர் கண்டுபிடிப்பதற்குள் நீங்களே அதை எழுதிவிடுங்கள். நேரத்தில் சொல்வது குடியிருப்பவர் வேலை, நேரத்தில் வருவது வீட்டுக்காரர் வேலை.

இனி இதை அப்படியே எழுதுங்கள்: "ஐயா, ஜன்னலைத் திறந்து மூடத்தான் நான் வாடகை தருகிறேன். திறந்து மூடியதால் அது தேய்ந்தது என்றால் நான் செய்தது சேதம் அல்ல, குடித்தனம். அதில் தொங்கி ஊஞ்சல் ஆடி உடைத்திருந்தால் செலவு என்னுடையது. பல்பு எரிந்துபோனால் நான் மாற்றுகிறேன். கண்ணாடியை உடைத்தால் நான் போடுகிறேன். கீல் துருப்பிடித்து வயதாகிக் கழன்றால், அது ஜன்னலைப் பெற்றவர் பொறுப்பு."

அவர் புரியாத மாதிரி நின்றால் எங்கள் பள்ளிக் காரைச் சொல்லுங்கள். அதில் கிளட்ச் தேய்கிறது. தேய்ப்பது கற்றுக்கொள்ள வருகிறவர்கள்தான். சிலர் அதன் மேல் காலை வைத்தால் எடுப்பதே இல்லை. ஆனால் புது கிளட்ச்சுக்கு அவர்களிடம் நாங்கள் கேட்பதில்லை. கட்டணத்திலேயே அது அடக்கம். ஒருவர் நேராகக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் இடித்தால் அன்றைக்குப் பேச்சு வேறு.

எழுதித் தந்ததற்குக் கூலி ஒன்று உண்டு. பேக்கரிக்காரரிடம் நீங்கள் என்ன வாங்குகிறீர்களோ அதை எனக்கும் தர வேண்டும்.

உங்கள் குடித்தனக்காரர்


ஜூலை 19

அன்புள்ள அம்மா,

கீல் ஒரு மாதமாகக் கிறீச்சிட்டது உண்மைதான். என் மனைவி தினமும் சொன்னாள், நான் தினமும் "பாக்கலாம்" என்றேன். அதையும் எழுதினேன்.

பேக்கரிக்காரர் கடிதத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"இது நீங்க எழுதினது இல்லையே சார். நீங்க எழுதினா மருந்துச்சீட்டு மாதிரில்ல இருக்கும்."

"யார் எழுதினா என்னய்யா? நியாயத்தைப் பாரும்."

"நியாயம் சரிதான். நாளைக்கே தச்சர அனுப்பறேன். மெத்தைய எங்க அடுப்புப் பக்கத்துல கொண்டுவந்து சாய்ச்சு வைங்க, சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்."

நான் வெற்றியோடு படியேறப் போனேன். பின்னாலிருந்து அவர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்: "உங்களுக்கும் ஊர்ல ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்குல்ல சார்? அங்க யாரு ரிப்பேர் பாக்குறா?"

எனக்குப் புரையேறியது. மாடிக்கு வந்து இதைச் சொன்னதும் என் மனைவி தேநீர் போடுவதாகச் சொல்லி உள்ளே போனாள். தேநீர் வரவில்லை, சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

இரண்டே நாளில் ஜன்னல் சரியாகிவிட்டது. மெத்தை காய்ந்துவிட்டது. பன் வாசனை மட்டும் போகவில்லை. படுத்தால் பசிக்கிறது.

எனவே, இந்த ஞாயிறு நானே வருகிறேன். கூரையைப் பார்க்கிறேன். ஆனால் கதவு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அந்தக் கதவு மூடும். மூடத் தெரிந்து மூட வேண்டும். நேரில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர் (அங்கே), குடித்தனக்காரர் (இங்கே)


ஜூலை 24

அன்புள்ள டாக்டர் சாருக்கு,

நேரில் காட்டினீர்கள்.

நீங்கள் பேருந்து ஏறிப் போய் இரண்டு நாளாகிறது, இந்த வீட்டில் இன்னும் யாராலும் முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை. மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். "தள்ளுங்கம்மா, இதுக்கு ஒரு சூட்சுமம் இருக்கு" என்று சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போய், கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தீர்களே, கதவு மூடியது. அதை நான் மறுக்க மாட்டேன். மூன்று மாதத்தில் முதல் முறையாக, இடுக்கே இல்லாமல் மூடியது. "பாத்தீங்களா!" என்று உள்ளிருந்து உங்கள் குரல் வந்தது. நாங்கள் நால்வரும் கைதட்டினோம்.

பிறகு திறக்கவில்லை.

என் கணவர் தோளால் இடித்தார், தோள்தான் வீங்கியது. மகள் மெழுகு தடவலாம் என்றாள். என் மாமியார் ஒரு நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்று வாரம் என்னிடம் பேசாமல் இருந்தவர் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசினார். "தக்காளி போட்டதுக்கா கூரை ஒழுகுது? சொல்லுங்க டாக்டர், நான் கேக்கறேன். அவசரமில்ல, மெதுவா சொல்லுங்க." உங்களுக்கும் வேறு எங்கும் போகிற வேலை இருக்கவில்லை.

நாங்கள் கூப்பிட்ட தச்சர் வருவதற்குள் நீங்கள் உள்ளே அமைதியானதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மயக்கமோ என்று நினைத்தேன். அப்போதுதான் கத்தினீர்கள்: "வீட்டுல எங்கயாவது குழாய் திறந்திருக்கா?" எல்லாம் மூடியிருக்கிறது என்றோம். "மறுபடியும் பாருங்க!" பார்த்தோம். "அப்போ சுவத்துக்குள்ள ஓடுறது என்ன?" என்றீர்கள்.

அது எப்படி உங்களுக்குக் கேட்டது? நாங்கள் மூன்று மாதமாக அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே பாடிக்கொண்டும் விசிலடித்துக்கொண்டும் இருக்கிறோம், எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

தச்சர் கதவைக் கழற்றி உங்களை வெளியே விட்டபோது வியர்வையில் நனைந்திருந்த உங்கள் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். அனுப்பி வைக்கிறேன்.

உங்கள் குடித்தனக்காரர்


ஜூலை 31

அன்புள்ள அம்மா,

பாடினால் கேட்காது. நான் சும்மா இருந்தேன், அதனால் கேட்டது.

கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன். தங்கள் மாமியார் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். எனக்கு எதையாவது பரிசோதிக்காமல் இருக்க முடியாது. மாட்டு வயிற்றில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்டு முப்பது வருடம் பழகியவன். அந்தச் சுவரில் காதை வைத்தேன். உள்ளே நன்றாக ஜீரணம் நடந்துகொண்டிருந்தது.

மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் வருகிறது. இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் ஒரு பக்கம் பின்னறைக் கூரைக்கும் மறுபக்கம் கதவு நிலைக்கும் ஊறியிருக்கிறது. நிலையும் கதவும் சேர்ந்து ஊதியது அதனால்தான். நீங்கள் குளித்ததால் அல்ல. செடியாலும் அல்ல. பிளம்பர் சுவரை உடைத்துப் பார்த்து இதையே சொன்னதாகத் தங்கள் கணவர் தகவல் அனுப்பினார். குழாய், சுவர், கூரை, நிலை, புதுக் கதவு எல்லாம் என்னுடையது. வேலை முடியும்வரை எந்தக் கணக்கும் தங்களிடம் வரக்கூடாது என்று பிளம்பரிடம் சொல்லிவிட்டேன்.

தங்கள் மாமியாருக்கு ஒரு வார்த்தை, இதை அவர் எதிரில் படிக்கவும்: அம்மா, உங்கள் தக்காளியின் மேல் நான் அபாண்டமாகப் பழி போட்டுவிட்டேன். எருமைக்குக்கூடப் பார்க்காமல் நோய் சொன்னதில்லை நான். தொட்டிகள் மாடிக்கே போகட்டும். அடியில் செங்கல் வைத்தால் காற்று போகும், அவ்வளவுதான் என் நிபந்தனை. வாடிய செடிகளுக்குப் பதில் நாற்று அனுப்புகிறேன்.

இனி சண்டை வராமல் இருக்க ஒரு ஏற்பாடு சொல்கிறேன், பிடிக்காவிட்டால் திருத்துங்கள். சுவருக்கு உள்ளே இருப்பது என்னுடையது. சுவருக்கு வெளியே கைக்கு எட்டுவது, அதாவது பல்பு, வாஷர், தாழ்ப்பாள் திருகு, உங்களுடையது. வெளியே இருந்தாலும் வயதாகிச் சாவது என்னுடையது. யாராவது இடித்து உடைத்தால் இடித்தவருடையது. பேக்கரிக்காரரும் இதைக் கேட்டுவிட்டுத் தனக்கு ஒரு நகல் வேண்டும் என்றார்.

இன்னொன்று. அந்த வேறு வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டீர்களா? கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் மனைவி கேட்கச் சொல்கிறாள். அவள் கேட்கச் சொல்வதாக நான் சொல்கிறேன்.

அன்புடன்,
டாக்டர்


ஆகஸ்ட் 17

அன்புள்ள டாக்டர் அண்ணாவுக்கு,

சார் என்று எழுத வரவில்லை, குளியலறையில் அடைபட்டவரை எப்படிச் சார் என்பது?

புதுக் கதவு வந்துவிட்டது. ஒரு விரலால் தள்ளினால் மூடுகிறது. வீடு அமைதியாகிவிட்டது. என் கணவர் மட்டும் பழக்கதோஷத்தில் விசிலடிக்கிறார். கூரை காய்ந்து சுண்ணாம்பும் அடித்தாயிற்று. நாற்றுகள் வேர் பிடித்துவிட்டன. உங்கள் ஏற்பாட்டில் ஒரு திருத்தம்: "கெட ஆரம்பிக்கும்போதே சொல்வது குடியிருப்பவர் பொறுப்பு" என்று சேர்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன்.

ஆம், அந்த வீட்டைப் பார்த்தோம். போன சனிக்கிழமை நால்வரும் போனோம். பளபளவென்று இருந்தது. கண்ணாடி மாதிரித் தரை, எல்லாக் கதவும் சத்தமில்லாமல் மூடியது. மகளுக்குத் தனி அறை. வாடகையும் ஏறக்குறைய இதேதான். நான் கொஞ்சம் சபலப்பட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

மாமியார்தான் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "ஏம்ப்பா, எதாவது கெட்டுப்போச்சுன்னா யாரு வந்து பாப்பாங்க?"

அவர் சிரித்தார். "எங்க வீட்டுல எதுவும் கெடாதும்மா."

மாமியார் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் படி இறங்கிவிட்டார். தெருவுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார், சுவரிடம் அல்ல: "எதுவுமே கெடாதுன்னு சொல்றவரு நமக்கு வேணாம். வந்து உள்ள மாட்டிக்கிட்டாரு பாரு, அவரே போதும்."

அதனால் நாங்கள் எங்கும் போகவில்லை.

கடைசியாக ஒன்று. ஒப்பந்தப்படி, கெட ஆரம்பிக்கும்போதே சொல்கிறேன். நேற்றிலிருந்து சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் யோசித்து யோசித்து இறங்குகிறது. தொட்டியிலிருந்து சுவர் வரை உள்ள குழாயை நாங்களே கழற்றிச் சுத்தம் செய்தோம். இருந்தும் யோசிக்கிறது. அடைப்பு சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் என்றால் எங்களுடையது. உங்கள் பக்கம் என்றால் உங்களுடையது. என்ன செய்யலாம்?

அன்புடன்,
உங்கள் குடித்தனக்காரர்


ஆகஸ்ட் 23

அன்புள்ள தங்கைக்கு,

அடைப்பை எடுத்த பிறகு பார்த்துக்கொள்வோம், யார் பக்கம் என்று. ஞாயிறு காலை வண்டியில் நானும் என் மனைவியும் வருகிறோம். பிளம்பரை வரச் சொல்லிவிட்டேன். அன்று தொட்டியில் எதையும் கழுவ வேண்டாம், பேக்கரிக்காரர் எல்லோருக்கும் சேர்த்துச் சாப்பிடக் கொடுத்தனுப்புகிறார். தன் மற்ற குடித்தனக்காரர்களோடும் இதே மாதிரி ஒப்பந்தம் போட நீங்கள்தான் எழுதித் தர வேண்டுமாம், அதற்கான லஞ்சம்.

அன்புடன்,
அண்ணன்